கிள்ளான் பள்ளத்தாக்கில் போட்டிக் கைத்துப்பாக்கி: ஓர் உரிமத்தின் வரலாறு

போட்டிக் கைத்துப்பாக்கியின் அளவை முடிவு செய்வது ஒரு பெட்டி. அனைத்துலகத் துப்பாக்கி சுடும் சம்மேளனத்தின் விதிப்படி, 25 மீட்டர் போட்டிக்கான .22 துப்பாக்கி 300 மில்லிமீட்டர் நீளமும் 150 உயரமும் 50 அகலமும் உள்ள பெட்டிக்குள் அடங்க வேண்டும். எடை 1,400 கிராமைத் தாண்டக் கூடாது. 10 மீட்டர் காற்றுக் கைத்துப்பாக்கிக்குப் பெட்டி கொஞ்சம் பெரிது, எடை 1,500 கிராம் வரை போகலாம். போட்டி நாளில் நடுவர் துப்பாக்கியின் குழலைச் செங்குத்தாக நிறுத்தி, விசையில் எடைக்கல்லைத் தொங்கவிடுவார். .22க்கு 1,000 கிராம், காற்றுத் துப்பாக்கிக்கு 500 கிராம். கல்லைத் தூக்குவதற்குள் விசை விழுந்துவிட்டால் அந்தத் துப்பாக்கிக்குக் களத்தில் இடமில்லை. கைப்பிடி பெரும்பாலும் வால்நட் மரத்தில், சுடுபவரின் உள்ளங்கைக்கு ஏற்றபடி செதுக்கப்பட்டிருக்கும்.

ஐரோப்பாவில் இப்படிப்பட்ட துப்பாக்கி வாங்குபவர் முதலில் நிறுவனத்தையும் விலையையும் பார்ப்பார். மலேசியாவில், பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ இருப்பவருக்கு முதலில் வேண்டியது உரிமம். அந்த உரிமத்தின் கடுமைக்குக் காரணம் விளையாட்டு அல்ல, ரப்பர் தோட்டங்களில் நடந்த ஒரு போர்.

இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய சிலாங்கூரில் கைத்துப்பாக்கி தோட்டத் துரைமாருக்கும் அதிகாரிகளுக்கும் உரிய பொருள். பால்மரம் சீவிய தமிழருக்கு அது எட்டாத தூரத்தில் இருந்தது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோதும் துப்பாக்கி அரசின் கையில்தான் இருந்தது. வேலைநிறுத்தத்தை அடக்க இராணுவம் வந்தது, சுட்டது.

1948 ஜூன் 16இல் பேராக்கின் சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கம்யூனிஸ்டுகளுக்கு எதிராகப் பிரிட்டிஷ் அரசு அறிவித்த அவசரகாலம் இரண்டொரு நாளில் நாடு முழுவதற்கும் விரிந்தது. ஜூலையில் வந்த அவசரகால விதிகள், அனுமதியின்றித் துப்பாக்கி வைத்திருப்பதை மரண தண்டனைக்குரிய குற்றமாக்கின. சுட்டிருக்க வேண்டியதில்லை, யாருக்கும் காயம் பட்டிருக்க வேண்டியதுமில்லை. தோட்டத் துரைமாருக்கோ ஆயுதமும் காவலுக்கு ஆளும் அரசே ஏற்பாடு செய்தது. ஒரே பொருள் ஒருவர் இடுப்பில் தற்காப்பாகவும் இன்னொருவர் மடியில் தூக்குக் கயிறாகவும் ஆனது.

இந்த விதியில் சிக்கியவர்களில் தமிழர் இன்றும் பேசும் பெயர் எஸ். ஏ. கணபதி. தஞ்சை வட்டாரத்தில் பிறந்தவர், இந்திய தேசிய இராணுவத்தில் இருந்தவர், பிறகு அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவரானவர். அந்தச் சம்மேளனத்தை 1948இலேயே அரசு முடக்கிவிட்டது. 1949 மார்ச் மாதம் ரவாங் அருகே, ஒரு ரிவால்வரும் சில தோட்டாக்களும் வைத்திருந்ததாகக் கைதானார். வழியில் கண்டெடுத்ததைப் போலீசில் ஒப்படைக்கப் போய்க்கொண்டிருந்ததாக அவர் தரப்பில் சொல்லப்பட்டது. நீதிமன்றம் ஏற்கவில்லை. மலாயாவில் இந்திய அரசின் பிரதிநிதியாக இருந்த ஜான் திவி தண்டனையைக் குறைக்கப் பாடுபட்டார், டில்லியிலிருந்தும் வேண்டுகோள் வந்தது. மே 4ஆம் தேதி கோலாலம்பூர் புடு சிறையில் கணபதி தூக்கிலிடப்பட்டார். கைதுக்கும் தூக்குக்கும் இடையில் சுமார் இரண்டு மாதம்.

அதே விதியில் ஜொகூரில் மரண தண்டனை பெற்ற சாம்பசிவத்துக்கு முடிவு வேறாக அமைந்தது. தோட்டா வைத்திருந்த குற்றச்சாட்டிலிருந்து விடுவிக்கப்பட்ட அவர், ரிவால்வர் குற்றச்சாட்டில் மறுவிசாரணைக்கு நிறுத்தப்பட்டார். அதில் இரண்டையும் ஒப்புக்கொள்வதான வாக்குமூலம் அவருக்கு எதிராக வைக்கப்பட்டது. 1950இல் லண்டன் பிரிவி கவுன்சில் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. விடுதலைத் தீர்ப்பு அரசுத் தரப்பையும் கட்டுப்படுத்தும் என்ற அதன் விளக்கம் பல நாட்டு நீதிமன்றங்களில் மேற்கோளாகப் பயன்படுகிறது. ஒரு தமிழரின் பெயர் குற்றவியல் சட்ட நூல்களில் நிலைத்தது இந்த வழக்கால்தான்.

1960 ஜூலை 31இல் அவசரகாலம் முடிந்தது. அதன் மனப்பாங்கு முடியவில்லை. மறுநாளே உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பாதுகாப்புப் பகுதியில் சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருந்தால் மரணம் என்று அதன் 57ஆம் பிரிவு சொன்னது. அதே ஆண்டில் வந்த ஆயுதச் சட்டம் உரிம நடைமுறையை வகுத்தது. 1971இல் துப்பாக்கிக் குற்றங்களுக்குக் கூடுதல் தண்டனை தரும் இன்னொரு சட்டம் சேர்ந்தது. கோலாலம்பூரைக் கலக்கிய கொள்ளையன் போத்தாக் சின் 1981இல் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டதும் 57ஆம் பிரிவின் கீழ்தான். அவன் செய்த கொள்ளைகளுக்காக அல்ல, வைத்திருந்த துப்பாக்கிகளுக்காக.

கைத்துப்பாக்கி விளையாட்டு இந்தச் சட்டங்களின் நிழலில்தான் வளர வேண்டியிருந்தது. ஆயுதச் சட்டம் 'ஆயுதம்' என்பதற்குள் காற்றுத் துப்பாக்கியையும் காற்றுக் கைத்துப்பாக்கியையும் சேர்த்திருக்கிறது. பல நாடுகளில் பள்ளிப் பிள்ளைகள் எளிதில் கையில் எடுக்கும் காற்றுக் கைத்துப்பாக்கிக்கும் இங்கே போலீஸ் உரிமம் வேண்டும். ஆகவே பெட்டாலிங் ஜெயாவிலோ காஜாங்கிலோ ஒரு பிள்ளைக்கு இந்த விளையாட்டில் ஆசை வந்தால், பூப்பந்து மட்டையை வாங்குவதுபோல் கடைக்குப் போய்த் தொடங்கிவிட முடியாது. சங்கத்தின் வழியாக, சுடுகளத்தின் துப்பாக்கியோடுதான் தொடங்க வேண்டும். விளையாட்டு பரவலாகாமல் போனதற்குத் திறமைக் குறைவைக் காட்டிலும் இதுவே பெரிய காரணம் எனலாம்.

1998 காமன்வெல்த் போட்டிகளைக் கோலாலம்பூர் நடத்தியபோது துப்பாக்கிப் போட்டிகள் மட்டும் லங்காவிக்குப் போயின. சென்னையைச் சேர்ந்த ரூபா உன்னிகிருஷ்ணன் 50 மீட்டர் ரைபிள் போட்டியில் தங்கம் வென்றது அங்கேதான். 2017 தென்கிழக்காசியப் போட்டியில் துப்பாக்கிப் போட்டிகளை நடத்தும் வாய்ப்பு சுபாங் தேசியச் சுடுகளத்துக்கு வந்தது. காற்றுக் கைத்துப்பாக்கியில் ஜொனாதன் வோங் 2016 ரியோ ஒலிம்பிக்கில் மலேசியாவுக்காகக் களமிறங்கினார்.

மலாயாவுக்கு அவசரகால விதிகளைத் தந்த பிரிட்டன் வேறு வழியில் போனது. 1996இல் ஸ்காட்லாந்தின் டன்பிளேன் பள்ளியில் 16 குழந்தைகளும் ஆசிரியையும் கொல்லப்பட்ட பிறகு, மறு ஆண்டே அங்கு கைத்துப்பாக்கிக்குத் தடை வந்தது. .22கூடத் தப்பவில்லை. அந்நாட்டு வீரர்கள் பயிற்சிக்கு வெளிநாடு செல்ல நேர்ந்தது. 2002 மான்செஸ்டர் காமன்வெல்த் போட்டிக்குத் தனி அனுமதி தேவைப்பட்டது. அந்தப் பிரிட்டனிடமிருந்து கடுமையைக் கற்ற மலேசியா முழுத் தடை விதிக்கவில்லை. கொடுப்பதா வேண்டாமா என்பதைப் போலீசிடம் விட்டுவிட்டது.

உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் 2012இல் நீங்கியது. 2023இல் கட்டாய மரண தண்டனை ஒழிக்கப்பட்டபோது 1971ஆம் ஆண்டுச் சட்டமும் திருத்தப்பட்டது. 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் மட்டும் இன்னும் நிலைத்து நிற்கிறது. உரிமம் வழங்கும் அதிகாரம் மாநிலப் போலீஸ் தலைவரிடம் இருப்பதால், பிரிக்பீல்ட்ஸ்காரரின் விண்ணப்பம் கோலாலம்பூர் போலீஸ் தலைவரிடமும், கிள்ளான்காரரின் விண்ணப்பம் ஷா ஆலமில் உள்ள சிலாங்கூர் போலீஸ் தலைவரிடமும் போய்ச் சேரும். துப்பாக்கியின் உறுப்பும் சட்டப்படி ஆயுதம்தான் என்பதால், தேய்ந்த குழலுக்குப் பதில் புதுக் குழல் வரவழைக்கும் வீரரும் சட்டத்தின் வரம்புக்குள்ளேயே இருக்கிறார்.