சீட்டில் எழுதிய பெயரும் இயந்திரத்தின் கண்ணும்

கைப்பேசியை ஒரு செடியின் முன் நீட்டினால் நொடியில் பெயர் கிடைக்கிறது. செயற்கைக்கோள் படத்தைக் கொடுத்தால் எது காடு, எது தோட்டம் என்று கணினி பிரித்துத் தருகிறது. இவற்றைத் தாவரவியலில் நேர்ந்த திடீர்ப் புரட்சி என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. உண்மையில் இவை மிகப் பழைய ஒரு பதிவுமுறையின் மேல் எழுப்பிய மாடிகள். தாவரவியலாளர் ராபர்ட் வைட் 1838 முதல் 1853 வரை வெளியிட்ட இந்தியத் தாவரப் படத்தொகுதியில் 2,000க்கும் மேற்பட்ட படங்கள் உண்டு. அவற்றுக்காக வரைந்த ரங்கையா, கோவிந்து ஆகிய உள்ளூர் ஓவியர்களை அறிவியல் வரலாறு நெடுங்காலம் அடிக்குறிப்பில்தான் வைத்திருந்தது. 1915இல் கேம்பிள் தொடங்கிய சென்னை மாகாணத் தாவரநூலை 1936இல் ஃபிஷர் முடித்தார். அந்த மரபின் சேமிப்பு இன்று கோயம்புத்தூரில் உள்ள மெட்ராஸ் ஹெர்பேரியம் என்ற உலர்தாவரக் காப்பகத்தில் இருக்கிறது. அங்கே உலர்ந்த செடியைப் பொருத்தி வைத்த தாளில், அதாவது உலர்தாளில், ஒட்டிய சீட்டு அடிப்படையில் இரண்டு செய்திகளைச் சொல்கிறது: இது இன்ன செடி, இன்ன இடத்தில் கிடைத்தது. செயற்கை நுண்ணறிவு கற்பது இவ்விரண்டையும்தான். ஆகவே அந்தச் சீட்டின் தரமே இயந்திரத்தின் வரம்பு என்பது இக்கட்டுரையின் வாதம்.

2001இல் ஜிபிஐஎஃப் என்ற உலகப் பல்லுயிர்த் தகவல் அமைப்பு உருவானபின், சிதறிக் கிடந்த சீட்டுகள் ஒரே தரவுக்களத்தில் சேரத் தொடங்கின. 2006இல் வந்த மேக்ஸென்ட் என்ற கணிப்புமுறை, செடி கிடைத்த இடங்களைத் தட்பவெப்பத்தோடு பொருத்தி, அது வேறெங்கு வளரக்கூடும் என்று ஊகித்தது. 2017இல் கோஸ்டாரிகா, பிரான்சு ஆய்வாளர்கள் 1,000க்கும் மேற்பட்ட இனங்களின் உலர்தாள் படங்களைக் கொண்டு ஆழ்கற்றல் வலையமைப்பைப் பயிற்றுவித்தார்கள். உலர்தாள்களை அடையாளம் காண்பதில் அது நம்பிக்கை தந்தது. அந்தப் பயிற்சியைக் களத்தில் எடுத்த ஒளிப்படங்களுக்கு மாற்றியபோதோ பலன் குன்றியது. தரவு பெருகப் பெருகப் பிழைகள் தாமே கரைந்துவிடும் என்பது இங்கே எழும் முதல் மறுப்பு. பிழை தற்செயலாகச் சிதறியிருந்தால் அது சரி. ஆனால் செடி சேகரிப்பவர்கள் சாலையோரமாக நடக்கிறார்கள். சிலரே மிகப் பலவற்றைச் சேகரிக்கிறார்கள். ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா, அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து ஆகிய பகுதிகளின் தொகுப்புகளை ஒப்பிட்ட 2018ஆம் ஆண்டு ஆய்வு இச்சாய்வுகளைத் தெளிவாகக் காட்டியது. ஒரே பக்கம் சாய்ந்த தராசில் எத்தனை முறை நிறுத்தாலும் எடை சரியாக வராது.

வான்வழிப் பார்வைக்கு இந்தச் சாய்வு இல்லை என்பது இரண்டாவது மறுப்பு. இது வலுவானது. 1955இல் தொடங்கிய புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பல்லாண்டுக் களப்பணியால் தாவரப் போர்வை வரைபடங்களைத் தயாரித்தது. 1972 முதல் லேண்ட்சாட் செயற்கைக்கோள்கள் வானிலிருந்து அதே நிலத்தைத் திரும்பத் திரும்பப் படமெடுத்துவருகின்றன. பழனி மலையின் நாற்பதாண்டுப் படங்களை ஒப்பிட்ட 2018ஆம் ஆண்டு ஆய்வு, மலையுச்சிப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டதையும் அவ்விடங்களை மரத்தோட்டங்களும் விவசாயமும் பிடித்ததையும் காட்டியது. எந்தச் சேகரிப்பாளரின் சீட்டும் தனியே இதைச் சொல்லியிருக்காது. ஆனாலும் வரைபடத்தில் எந்தெந்த நில வகைகள் இடம்பெற வேண்டும் என்று தீர்மானிப்பவர் மனிதரே. காலனியாட்சி ஆவணங்களில் இப்புல்வெளி 'தரிசு'. சீகை மரமும் தைல மரமும் நடத் தோதான வெற்றிடம். மரம் உண்டா இல்லையா என்று மட்டும் கற்ற கணினி, இயற்கையான சோலைக்காட்டைத் தைலத்தோப்போடு சேர்த்துக் காடாக எண்ணும். புல்வெளி அழிந்ததைப் பசுமை கூடியதாகவே கணக்குக் காட்டும்.

அப்படியானால் இயந்திரம் வேண்டாமா என்றால், வேண்டும். மற்றவற்றோடு பொருந்தாத தாளை லட்சக்கணக்கானவற்றிலிருந்து பொறுக்கி எடுக்க அதைவிட வேகமான உதவியாள் இல்லை. ஆனால் பொறுக்கிய தாளுக்குத் தீர்ப்புச் சொல்ல வகைப்பாட்டியல் அறிஞர் வேண்டும். ஆப்பிரிக்க இஞ்சிவகையான அஃப்ரமோமம் பேரினத்தின் ஏறத்தாழ 4,500 உலர்தாள்களை 2015இல் ஆராய்ந்தபோது, அப்பேரினத்தைப் பற்றிய முழுமையான தனிநூல் வருவதற்கு முன்பு குறைந்தது 58 விழுக்காட்டுத் தாள்களில் தவறான பெயரோ, வழக்கொழிந்த பெயரோ, இனத்தைக் குறிக்காத அரைகுறைப் பெயரோ இருந்தது தெரியவந்தது. அத்தனையையும் திருத்தியது, தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்து இரண்டே அறிஞர்கள் எழுதிய அந்தத் தனிநூல்.