கனடாவில் குடிவரவோருக்கான சட்ட உதவி

கனடாவுக்குள் வர முயல்வோரும், வந்தபின் தங்க விரும்புவோரும் குடிவரவு அதிகாரிகள், தீர்ப்பாயங்கள், நீதிமன்றங்கள் ஆகியவற்றின் முன் பெறும் ஆலோசனையும் மனு எழுதும் உதவியும் வாதாட்டமும் இத்தலைப்பில் அடங்கும். அகதிக் கோரிக்கை, தடுப்புக்காவல் மீளாய்வு, நாடுகடத்தல் ஆணை, குடும்பத்தினரை ஸ்பொன்சர் செய்தல், மனிதாபிமான அடிப்படையில் நிரந்தர வதிவுரிமை கோருதல் ஆகியன இதன் முதன்மைப் பிரிவுகள். 2001ஆம் ஆண்டின் குடிவரவு மற்றும் அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தின் 167ஆம் பிரிவின்படி, குடிவரவு அகதிகள் வாரியத்தின் முன் நிற்கும் எவரும் தம் செலவில் ஒரு சட்டத்தரணியையோ தகுதியுள்ள வேறொருவரையோ வைத்துக்கொள்ளலாம். உரிமை நடுவண் சட்டத்திலிருந்து வருகிறது; கையில் காசில்லாதவருக்கான பணம் மாகாணங்களின் சட்ட உதவித் திட்டங்களிலிருந்து வருகிறது.

தொடக்க காலம்

அரசு உதவி என்ற எண்ணமே இல்லாத காலத்தில், சட்ட உதவி என்பது சமூகத்தவர் திரட்டிய நிதிதான். பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் 1878இல் சீனர் மீது மூன்று மாதத்துக்கு 10 டொலர் வீதம் அனுமதிக் கட்டணம் விதித்தபோது, அதே ஆண்டில் தாய் சிங் வழக்கில் அந்தச் சட்டம் செல்லாது என்று தீர்ப்பாயிற்று. 1884இல் விக்டோரியா நகரில் உருவான சீன நலச் சங்கம் இத்தகைய போராட்டங்களுக்கு ஓர் அமைப்பு வடிவம் தந்தது. ஆனால் நடுவண் அரசு 1885இல் கொண்டுவந்த 50 டொலர் தலைவரியை நீதிமன்றங்களால் அசைக்க முடியவில்லை. அது 1903இல் 500 டொலராக ஏறியது. 1923இல் சீனரின் வருகையே ஏறத்தாழ முழுமையாகத் தடைசெய்யப்பட்டது.

இந்தியர் விடயத்தில் அரசு வேறு வழியை எடுத்தது. இந்தியரும் பிரித்தானியப் பேரரசின் குடிமக்களாகையால் பெயர் சொல்லித் தடுக்க முடியாது. எனவே பிறந்த நாட்டிலிருந்து இடைநில்லாப் பயணமாக வந்தவரே இறங்கலாம் என்று 1908இல் விதி செய்யப்பட்டது. இந்தியாவிலிருந்து அப்படி நேரே வருவதற்கு நடைமுறையில் வழி இருக்கவில்லை. கையில் 200 டொலர் இருக்க வேண்டும் என்பது இன்னொரு விதி. 1910ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டமோ, அதிகாரிகளின் முடிவை நீதிமன்றம் மீளாய்வு செய்யக்கூடாது என்று 23ஆம் பிரிவில் கதவையே அடைத்தது.

அந்தக் கதவைத் தட்டிப் பார்த்தவர் வன்கூவர் சட்டத்தரணி ஜே. எட்வர்ட் பேர்ட். 1913இல் 'பனாமா மாரு' கப்பலில் வந்து தடுத்துவைக்கப்பட்ட இந்தியருக்காக அவர் ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்தார். அந்த ஆண்டு நவம்பரில் தலைமை நீதிபதி கோர்டன் ஹன்டர், இவ்விதிகளை வகுத்த ஆணைகளின் வாசகம் சட்டத்தின் வாசகத்தோடு பொருந்தவில்லை என்று கூறி அவர்களை விடுவித்தார். சொற்களை நிறுத்துப் பார்த்துப் பெற்ற வெற்றி அது. அரசு ஆணைகளைத் திருத்தி எழுதிக்கொண்டது.

அடுத்த ஆண்டு மே 23ஆம் நாள் 376 பயணிகளோடு 'கோமகாட்டா மாரு' வன்கூவர் துறைமுகத்துக்கு வந்தது. குர்தித் சிங் வாடகைக்கு அமர்த்திய ஜப்பானியக் கப்பல் அது. பயணிகளில் மிகப் பெரும்பாலோர் பஞ்சாபிச் சீக்கியர். முஸ்லிம்களும் இந்துக்களும் சிலர் இருந்தனர். முன்பே கனடாவில் வாழ்ந்து திரும்பிய சிலரைத் தவிர ஏனையோரைக் கரையிறக்க அதிகாரிகள் மறுத்தனர். உள்ளூர் இந்தியர் கரைக்குழு ஒன்றை அமைத்தனர். ஹுசைன் ரகீம், பாக் சிங், பல்வந்த் சிங் ஆகியோர் அதன் முன்னணியில் இருந்தனர். கப்பல் வாடகை நிலுவை, உணவு, வழக்குச் செலவு என மூன்றையும் ஆலைத் தொழிலாளரும் பண்ணையாட்களும் கொடுத்த பணத்தில்தான் குழு சமாளித்தது. கனடிய வரலாற்றில் குடிவரவோருக்கான தொடக்ககாலச் சட்ட உதவி நிதிகளில் ஒன்றாக இதைக் கொள்ளலாம்.

குழு பேர்ட்டை அமர்த்தியது. ஆனால் தொடக்கத்தில் கப்பலில் ஏறித் தம் கட்சிக்காரரைச் சந்திக்க அவரை விடவில்லை. வன்கூவர் குடிவரவு முகவர் மால்கம் ரீட் விசாரணைகளை இழுத்தடித்தார்: முடிவு எழுதப்பட்டால் அதை எதிர்த்து வழக்காடலாம், முடிவே இல்லையென்றால் எதை எதிர்ப்பது? இந்த உத்தி பிற்காலத்துக் குடிவரவுச் சட்டத்தரணிகளுக்கும் நன்கு பழக்கமானதே. இறுதியில் முன்சி சிங் என்ற விவசாயியின் வழக்கைச் சோதனை வழக்காக நடத்த இரு தரப்பும் இணங்கின. மாகாண மேன்முறையீட்டு நீதிமன்றம் 1914 ஜூலை 6ஆம் நாள் ஒருமனதாக மனுவைத் தள்ளியது. யார் உள்ளே வரலாம் என்று தீர்மானிக்கும் அதிகாரம் கனடிய நாடாளுமன்றத்துக்கு உண்டு என்பதும், அதிகாரிகளின் முடிவில் நீதிமன்றம் தலையிட முடியாது என்பதும் அதன் சாரம். ஜூலை 23ஆம் நாள் போர்க்கப்பல் ஒன்றின் காவலோடு 352 பேர் திருப்பி அனுப்பப்பட்டனர். கல்கத்தா அருகே பட்ஜ் பட்ஜில் இறங்கியபோது நடந்த துப்பாக்கிச் சூட்டில் பலர் மாண்டனர். கனடியப் பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டது 2016 மே 18 அன்று.

சிங் தீர்ப்பு

இடைப்பட்ட காலத்தில் மூன்று மாற்றங்கள் முக்கியம். மூன்றும் 1967ஐச் சேர்ந்தவை: புள்ளி முறையும் சுதந்திரமான குடிவரவு மேன்முறையீட்டு வாரியமும் அந்த ஆண்டில் வந்தன, ஒன்ராறியோவில் சட்ட உதவிச் சான்றிதழ் முறையும் அதே ஆண்டில் தொடங்கியது. சான்றிதழைப் பெற்றவர் தாம் விரும்பும் சட்டத்தரணியிடம் அதைக் கொடுப்பார். சட்டத்தரணி திட்டத்திடம் கட்டணம் பெறுவார்.

அகதிக் கோரிக்கையாளருக்கோ 1985 வரை தீர்மானிப்பவரின் முன் வாய்திறக்க வாய்ப்பில்லை. அதிகாரி ஒருவர் சத்தியத்தின் பேரில் கேள்வி கேட்பார். எழுத்துப்படி ஒட்டாவாவுக்குப் போகும். அங்கே ஆலோசனைக் குழு காகிதத்தைப் பார்த்து அமைச்சருக்குப் பரிந்துரைக்கும். பெரும்பாலும் சீக்கியரான ஏழு பேர் தொடுத்த சிங் வழக்கில் 1985 ஏப்ரல் 4ஆம் நாள் உச்ச நீதிமன்றம் இதைச் செல்லாததாக்கியது. தீர்ப்பளித்த ஆறு நீதிபதிகளில் மூவர் கனடிய உரிமைகள் மற்றும் சுதந்திரங்கள் சாசனத்தின் 7ஆம் பிரிவையும், மற்ற மூவர் 1960ஆம் ஆண்டின் கனடிய உரிமைச் சட்டத்தையும் அடிப்படையாகக் கொண்டனர். கனடிய மண்ணில் நிற்கும் எவருக்கும் சாசனம் பொருந்தும் என்றும், ஒருவரின் நம்பகத்தன்மை கேள்விக்குள்ளாகும் இடத்தில் அவரை நேரில் கேட்டே ஆகவேண்டும் என்றும் நீதிபதி பெர்த்தா வில்சன் எழுதினார். ஏப்ரல் 4 இன்றும் கனடாவில் அகதி உரிமை நாளாக நினைக்கப்படுகிறது.

மறு ஆண்டு ஆகஸ்டில் 155 ஈழத் தமிழர் உயிர்காப்புப் படகுகளில் நியூபவுண்ட்லாந்துக் கரையருகே மிதந்து மீனவர்களால் மீட்கப்பட்டனர். அவர்களுக்கு அமைச்சரின் தற்காலிக அனுமதி உடனே கிடைத்தது. ஆனால் அந்த நிகழ்வும், அடுத்த ஆண்டு சீக்கியர் நோவா ஸ்கோஷியாவில் இறங்கியதும் கடுமையான சட்டங்களுக்குக் காரணமாகக் காட்டப்பட்டன. நேரடி விசாரணை நடத்தும் குடிவரவு அகதிகள் வாரியம் 1989 ஜனவரி 1 முதல் இயங்கத் தொடங்கியது. அதன்பின் ரொறன்ரோவில் 'ரிஃபியூஜி கேஸ்' பேசாத தமிழ் வீடு குறைவு.

உதவுவோர் வகைகள்

முதல் வகை சட்டத்தரணிகள். கியூபெக்கில் நோட்டரிகளும் இதில் சேர்வர். இரண்டாவது, சமூகச் சட்ட நிலையங்கள். 1971இல் ஒஸ்குட் ஹோல் சட்டக் கல்லூரியினர் ரொறன்ரோவின் பார்க்டேல் பகுதியில் தொடங்கிய நிலையம் இவற்றுக்கு முன்னோடி. ஒன்ராறியோவில் தெற்காசியருக்கென்றே ஒரு நிலையம் உண்டு. மூன்றாவது, கட்டணம் பெறும் குடிவரவு ஆலோசகர்கள். சட்டத்தரணி அல்லாதவரும் பணம் பெற்று வாரியத்தின் முன் தோன்றலாம் என்று மங்காட் வழக்கில் 2001இல் உச்ச நீதிமன்றம் கூறியது. அதன்பின் இவர்களைக் கட்டுப்படுத்த 2004இல் ஓர் அமைப்பும், அது சரிவராமல் 2011இல் இன்னோர் அமைப்பும், 2021 நவம்பரில் 'கல்லூரி' என்ற பெயரில் சட்டபூர்வமான கட்டுப்பாட்டு அமைப்பும் வந்தன. இருபது ஆண்டுக்குள் மூன்று அமைப்புகள் என்பதே இத்தொழிலின் நிலையைக் காட்டும். உரிமமின்றிப் பணம் வாங்கி ஆலோசனை சொல்வது குற்றம். ஆயினும் யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ இருக்கும் ஏஜென்சிக்காரரை அந்தச் சட்டம் எட்டிப் பிடிப்பது அரிது. நான்காவது வகை கட்டணமில்லாமல் உதவும் உறவினர், கோயில் நிர்வாகிகள், சங்கத்தினர். இவர்கள் நிரப்பிக் கொடுத்த படிவங்களே எண்ணிக்கையில் அதிகம் இருக்கக்கூடும்.

உதவியின் பெரும்பகுதி வாதாட்டம் அன்று, எழுத்து. கோரிக்கையின் அடிப்படையைக் கூறும் படிவத்தில் எழுதியதற்கும் விசாரணையில் சொல்வதற்கும் தேதி ஒன்று முரண்பட்டாலும் நம்பகத்தன்மை அடிபடும். 2012 டிசம்பரில் வந்த மாற்றங்கள் விமான நிலையத்தில் கோரியவருக்கு இதற்கு 15 நாள் மட்டுமே தந்தன. பிறப்புச் சான்று, கிராம சேவகர் கடிதம் முதலிய தமிழ் ஆவணங்கள் ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ மொழிபெயர்ப்பாளரின் உறுதிமொழியோடு தரப்பட வேண்டும். விசாரணையில் உரைபெயர்ப்பாளரை வாரியமே தரும். சட்டத்தரணியின் அலுவலகத்தில் அது வேறு கணக்கு. நிராகரிக்கப்பட்டால் அகதிகள் மேன்முறையீட்டுப் பிரிவுக்கும், அதன்பின் அனுமதி பெற்று நடுவண் நீதிமன்றத்துக்கும் போகலாம். 2010 ஆகஸ்டில் 492 தமிழரோடு வந்த 'சன் சீ' கப்பல் வழக்குகளில் தடுப்புக்காவல் மீளாய்வே முதன்மை வேலையாயிற்று: 48 மணி நேரம், 7 நாள், பின்னர் 30 நாளுக்கு ஒருமுறை. பதின்வயதில் வந்த ஈழத் தமிழர் ஒருவரின் வழக்கில் 2015 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், மனிதாபிமான விண்ணப்பங்களை அதிகாரிகள் விரிந்த மனத்தோடு அணுக வேண்டும் என்றது. பார்க்டேல் நிலையம் அவ்வழக்கில் தலையீட்டாளராகச் சேர்ந்திருந்தது.

தற்போதைய நிலை

குடிவரவு, அகதி வழக்குகளுக்கு எல்லா மாகாணங்களும் சட்ட உதவி தருவதில்லை. ஒன்ராறியோ 2019இல் தன் சட்ட உதவி நிதியை ஏறத்தாழ 30 விழுக்காடு குறைத்து அகதி வழக்குகளை நடுவண் அரசின் பொறுப்பு என்றது. ஒட்டாவா அந்த ஆண்டுக்கு 25.7 மில்லியன் டொலர் கொடுத்து நிலைமையைச் சமாளித்தது. நிதியோடு கோரிக்கை வைக்கும் வழியும் குறுகியுள்ளது: 2023 மார்ச் முதல், அமெரிக்காவிலிருந்து எல்லையின் எந்தப் பகுதி வழியாக வந்தாலும் 14 நாளுக்குள் கோரிக்கை வைப்பவர், விலக்குகளுக்குள் வராவிட்டால், திருப்பி அனுப்பப்படுகிறார்.