ஜிபிஎஸ் போலி சமிக்ஞை: தானியங்கிக் கருவி ஏமாறினால் விமானிக்கு வழி என்ன?

கொல்கத்தா நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சர்வதேச விமான நிலையத்திலும் ஜிபிஎஸ் போலி சமிக்ஞை குறித்த தகவல்கள் பதிவாகியுள்ளதாக மத்திய அரசு 2025 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. டெல்லி, மும்பை, சென்னை ஆகியவையும் அப்பட்டியலில் இருந்தன.

சுமார் 20,200 கி.மீ. உயரத்திலிருந்து வரும் செயற்கைக்கோள் சமிக்ஞை மிகவும் வலுக்குறைந்தது. அது முடக்கப்பட்டால் விமானி விரைவில் அறிந்துகொள்வார். போலிச் சமிக்ஞையையோ தானியங்கிக் கருவி மெய்யென ஏற்று, விமானத்தைத் திசைமாற்றக்கூடும், ஆபத்து இங்குதான். விமானி அறைக் கடிகாரம் திடீரென மாறுவதும், உயரத்தில் பறக்கும்போதே தரை நெருங்குவதாக எச்சரிக்கை ஒலிப்பதும் இதன் அறிகுறிகள்.

அந்நிலையில் விமானி ஜிபிஎஸ்ஸை விலக்கிவிட்டு, தரையிலிருந்து வானொலி அலைகளை அனுப்பும் விஓஆர், டிஎம்இ நிலையங்களையும், தரையிறங்கும்போது ஐஎல்எஸ் கருவியையும் நாட வேண்டும். இப்பழைய கட்டமைப்பு குறைந்தபட்ச அளவில் தொடர்ந்து பராமரிக்கப்படுவதாக அரசு கூறியுள்ளது. இத்தகைய குறுக்கீடுகளைத் தெரிவிப்பதை விமானப் போக்குவரத்து இயக்குநரகம் (டிஜிசிஏ) 2023 நவம்பரில் கட்டாயமாக்கியது.