பல்பு எரிந்தால் எர்த் போதுமா? ஒரு சிறு வரலாறு

வீட்டு எர்த் சரியா இருக்கான்னு பார்க்க நம்ம பக்கத்து வயர்மேன்கள் வழக்கமா செய்யறது ஒரு பல்பு சோதனை. குண்டு பல்பின் ஒரு கம்பியை பேஸிலும் இன்னொன்றை எர்த்திலும் வைப்பார்கள். பளிச்சென்று எரிந்தால், "எர்த் நல்லா இருக்கு சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். அந்த பல்பு சொல்வது எர்த் இருக்கிறது என்பதை மட்டும்தான். போதுமான அளவு இருக்கிறதா என்பது வேறு கேள்வி. அந்தப் 'போதும்' என்ற சொல்லுக்கு அர்த்தம் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. இந்தக் குறிப்பு அதைப் பற்றித்தான்.

மண் எவ்வளவு மின்சாரத்தையும் வாங்கிக்கொள்ளும் என்ற நம்பிக்கை தந்தி காலத்துது. 1838-ல் ஜெர்மனியில் ஸ்டைன்ஹைல் என்பவர் தந்திக்கு இரண்டு கம்பி தேவையில்லை, திரும்பி வரும் வழியாக மண்ணையே வைத்துக்கொள்ளலாம் என்று காட்டினார். அது வேலை செய்தது. ஏனென்றால் தந்திக்கு வேண்டிய மின்னோட்டம் மிகச் சிறியது. நம்ம பல்பு சோதனையும் அதே கதைதான். 100 வாட் பல்புக்கு அரை ஆம்பியர்கூட வேண்டாம்.

ஆனா வீட்டு எர்த்துக்குக் கொடுத்த வேலை அதைவிடப் பெரிசு. மெட்டல் உடம்பு உள்ள சாதனத்தில் பேஸ் ஒட்டிக்கொண்டால், எர்த் வழியாகப் பெரிய மின்னோட்டம் பாய்ந்து பியூஸ் உருக வேண்டும். எர்த்தும் பியூஸும் ஒரு ஜோடி. சேத்தியாத்தோப்பிலிருந்து மேற்கே போனால் வரும் விருத்தாசலத்துப் பீங்கான் சூளைகளில் பொம்மை மட்டுமில்லை, இன்சுலேட்டரும் பியூஸ் கட்டையும் செய்தார்கள். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கும் களிமண் இதற்கு வசதி. சுட்ட மண் மின்சாரத்தைத் தடுக்கும், சுடாத ஈர மண் அதைக் கடத்தும். வீட்டுப் பாதுகாப்பு இந்த இரண்டையும் நம்பித்தான் இருந்தது.

மின்சாரம் கிராமங்களுக்கு வந்த வரிசை நமக்குத் தெரிந்ததுதான்: 1932-ல் பைக்காரா, 1937-ல் மேட்டூர், 1957-ல் மின்வாரியம், 1962-ல் நெய்வேலி அனல் மின் நிலையத்தின் முதல் அலகு. இதற்கு நடுவே வந்தது 1956-ம் வருஷத்து இந்திய மின்சார விதிகள். அதில் 33-வது விதி, மின்சாரம் கொடுப்பவரே நுகர்வோர் இடத்தில் ஒரு எர்த் முனையை அமைத்துப் பராமரிக்க வேண்டும் என்றது. மும்முனை இணைப்பு என்றால் அதோடு கூட வீட்டுக்காரரும் தனியாக எர்த் போட வேண்டும். விதி இப்படி. ஆனால் எங்க பக்கத்து ஒருமுனை வீடுகளுக்குக் கம்பத்திலிருந்து வந்தது பெரும்பாலும் பேஸ், நியூட்ரல் என்ற இரண்டே கம்பி. எர்த் என்பது வீட்டுக்காரர் கொல்லையில் குழி வெட்டி, கரியும் உப்பும் போட்டு இறக்கின ஜி.ஐ. பைப்தான்.

அந்த பைப் பியூஸை உருக்குமா? கணக்குப் போட்டுப் பார்த்தேன். எர்த்திங்குக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 3043. 1966-ல் முதலில் வந்து 1987-ல் திருத்தப்பட்டது. பைப்பின் நீளம், விட்டம், மண்ணின் மின்தடை எண் மூன்றும் தெரிந்தால் எத்தனை ஓம் வரும் என்பதற்கு அதில் சூத்திரம் இருக்கிறது. பைப் 2.5 மீட்டர் நீளம், 4 செ.மீ. விட்டம் என்று வைத்துக்கொள்வோம். மண்ணின் தடை எண் 20 ஓம்-மீட்டர் என்றால் சுமார் 7 ஓம் வரும். வெள்ளாற்றங்கரை வண்டலும் களியும் ஈரமாக இருக்கும்போது இந்த மாதிரி மதிப்பு எதிர்பார்க்கலாம். அதே பைப்பை 200 ஓம்-மீட்டர் உள்ள காய்ந்த மணற்பாங்கான செம்மண்ணில் இறக்கினால் 70 ஓம்.

7 ஓமில் 230 வோல்ட் ஏறக்குறைய 33 ஆம்பியரைத் தள்ளும். 70 ஓமில் 3.3 ஆம்பியர்தான். கம்பி கட்டும் பியூஸ் உருக, அதில் குறித்த அளவைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு பாய வேண்டும். ஆக 3.3 ஆம்பியரில் 5 ஆம்பியர் பியூஸ்கூட அசையாது. வாஷிங் மெஷின் உடம்பில் 200 வோல்ட்டுக்கு மேல் அப்படியே நிற்கும். இதே 70 ஓம் எர்த்தில் 100 வாட் பல்பைப் போட்டால் அதற்கு 203 வோல்ட் கிடைக்கும், நன்றாகவே எரியும். ஆபத்தான எர்த்துக்கு பல்பு சர்டிபிகேட் கொடுத்துவிடுகிறது.

அளந்து பார்க்கும் வழி நூறு வருஷமா இருக்கு. 1915-ல் அமெரிக்காவில் பிராங்க் வென்னர் நாலு முளை அடித்து மண்ணின் தடை எண்ணை அளக்கும் முறையை எழுதினார். ஏற்கெனவே இருக்கும் எர்த் பைப்பை அளக்க, தள்ளித் தள்ளி இரண்டு முளை அடித்து எர்த் டெஸ்டரை இணைத்தால் ஓம் நேராகத் தெரியும். மெயினை அணைத்து, எர்த் கம்பியைக் கழற்றிவிட்டுத்தான் அளக்கணும். பெரிய கட்டடங்களில் இது நடக்கிறது. வீடுகளுக்கு யாரும் கொண்டுவருவதில்லை.

கணக்கை மாற்றியது இன்னொரு கருவி. உள்ளே போகும் மின்னோட்டமும் திரும்பி வருவதும் சமமா என்று ஒப்பிட்டு, வித்தியாசம் வந்தால் அறுக்கும் கருவி 1950-களில் உருவானது. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களுக்காக ஹென்றி ரூபின் செய்தது அதில் ஒன்று. மனித உடம்பு எவ்வளவு தாங்கும் என்று ஆராய்ந்த சார்லஸ் டால்சீல் 1961-ல் கலிபோர்னியாவில் இன்னும் நுணுக்கமான ஒன்றைக் கொண்டுவந்தார். இன்று 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. என்று கடையில் கிடைப்பது இந்த வம்சம்தான். பியூஸுக்குப் போதாத அந்த 3.3 ஆம்பியர் இதற்கு நூறு மடங்கு அதிகம், உடனே விழும். அதாவது, 70 ஓம் எர்த் பியூஸோடு சேர்ந்தால் போதாது, ஆர்.சி.சி.பி.யோடு சேர்ந்தால் போதும்.

அதற்காக எர்த்தே வேண்டாம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. எர்த் கம்பி இல்லாத வீட்டில் கசிவுக்கு வழியாக அமைவது தொட்ட ஆள்தான். அவர் உடம்பு வழியாகப் பாய்ந்த பிறகுதான் கருவி விழும். இன்னொன்று: ஆர்.சி.சி.பி.யில் இருக்கும் டெஸ்ட் பட்டன் அந்தக் கருவியை மட்டும்தான் சோதிக்கும். எர்த் பைப் துருப்பிடித்து அறுந்திருந்தாலும் பட்டன் டக்கென்று விழும்.

அதனால் என் சிபாரிசு சுருக்கம். மெயின் போர்டிலிருந்து பைப் வரை எர்த் கம்பி அறுபடாமல் போகிறதா, குழியில் கிளாம்ப் இறுக்கமா, துரு இருக்கா என்று கண்ணால் பாருங்க. உப்பு போட்ட குழின்னா கூடுதல் கவனம், உப்பே பைப்பை அரிக்கும். மழைக்காலத்தில் அளந்த ஓம் சித்திரையில் இருக்காது, கோடையில் ஒரு தடவை உரிமம் பெற்ற ஆளைக் கூப்பிட்டு டெஸ்டரில் அளக்கச் சொல்லுங்க. வந்தவர் பையிலிருந்து பல்பை எடுத்தால், "எத்தனை ஓம்?" என்று கேளுங்க.