கூண்டுக்குள் பெருகும் நோய்: மொனார்க் புழு வளர்ப்பும் ஒட்டுண்ணிகளும்

வட அமெரிக்காவில் மொனார்க் பட்டாம்பூச்சியின் புழுக்களை வீட்டுக் கூண்டில் வளர்த்துப் பறக்கவிடுவோர் பெரும்பாலும் அஞ்சுவது ஈக்கும் குளவிக்கும்தான். அச்சத்துக்குக் காரணம் உண்டு. லெஸ்பீசியா ஆர்ச்சிப்பிவோரா என்னும் டாக்கினிட் ஈ, புழுவின் உடல்மேல் முட்டையிடுகிறது. அதன் குஞ்சுப்புழுக்கள் உள்ளிருந்து தின்று வளர்ந்து, மெல்லிய இழையில் தொங்கி வெளியேறுகின்றன. டெரோமாலஸ் கசோடிஸ் குளவியோ, தோல் இறுகாத புதிய கூட்டுப்புழுவைத் துளைத்து முட்டையிடுகிறது. இவ்விரண்டையும் நுண்கண் வலை தடுத்துவிடும். வலையால் தடுக்க முடியாத ஒட்டுண்ணியே ஆபத்தானது என்பதும், அதைப் பெருக்குவது பெருவளர்ப்பு முறையே என்பதும் என் வாதம்.

அந்த ஒட்டுண்ணி, ஆஃப்ரியோசிஸ்டிஸ் எலக்ட்ரோசிர்ரா என்னும் ஒரு செல் உயிரி. 1970இல் ஃபுளோரிடா மொனார்க்குகளிலிருந்து விவரிக்கப்பட்டது. நோயுற்ற தாயின் வயிற்றுச் செதில்களுக்கிடையே நிறைந்திருக்கும் அதன் ஸ்போர்கள் (நுண்வித்துகள்), முட்டையிடும்போது முட்டை மீதும் இலை மீதும் உதிர்கின்றன. பொரிந்த புழு முதலில் தின்பது தன் முட்டையோட்டை. நோய் அப்போதே உடலுக்குள் போய்விடுகிறது. குடற்சுவரைக் கடந்து, தோலடியில் பெருகி, கூட்டுப்புழுப் பருவத்தில் மீண்டும் ஸ்போர்களாகிறது. கடுமையாகத் தாக்குண்டவை கூட்டிலிருந்து வெளிவர முடியாமலோ சிறகு சுருங்கியோ சாகும். இலேசாகத் தாக்குண்டவை நலமாகவே தோன்றும். வளர்ப்பவர் மகிழ்ந்து பறக்கவிடுவது இவற்றைத்தான். இந்நோய்க்கு மருந்தில்லை.

இயற்கையில் இதற்குக் கடிவாளமாய் இருப்பது வலசை. மெக்சிகோ வரையிலான நெடும்பயணத்தில் நோயுற்றவை பின்தங்கி மடிகின்றன. சோனியா ஆல்டிசர், கரேன் ஓபர்ஹவுசர், லிங்கன் பிரௌவர் ஆகியோர் 2000இல் வெளியிட்ட ஆய்வில், வலசை போகும் கிழக்குக் கூட்டத்தில் கடுந்தொற்று 8 விழுக்காட்டுக்கும் குறைவு. குறுகிய தொலைவே செல்லும் மேற்குக் கூட்டத்தில் ஏறத்தாழ 30. வலசையே போகாத தென் ஃபுளோரிடாவில் 70க்கும் மேல். எருக்கின் உறவான மில்க்வீட் செடிகளில், உள்நாட்டு வகைகள் குளிர்காலத்தில் மடிய, அவற்றோடு ஸ்போர்களும் ஒழியும். மடியாத வெப்பமண்டல மில்க்வீட்டை நட்ட தோட்டங்களில் இவ்விடைவெளியும் இல்லை.

நெருக்கமான கூண்டு இந்தக் கடிவாளங்கள் அனைத்தையும் ஒருசேர அவிழ்க்கிறது. ஒரே கூண்டில் தலைமுறை தலைமுறையாக வளர்த்தால், ஒரு தாயின் நோய் பல புழுக்களைச் சேர்கிறது. தளர்ந்தவையும் தப்பிப் பிழைக்கின்றன. வெளியில் முட்டைகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவை பட்டாம்பூச்சியாகாமலே மடிகின்றன, காப்பாற்றுவது நற்செயல்தானே என்பர். தனிப்புழுவைப் பொறுத்தவரை அது உண்மை. இனத்தைப் பொறுத்தவரை, ஈக்குப் பலியாகும் புழுவின் இழப்பு அதனோடு முடிகிறது. ஸ்போர் சுமந்து பறப்பது அடுத்த தலைமுறையையும் கெடுக்கும்.

வளர்க்க விரும்புவோர் சிலவற்றையே, தனித்தனிக் கலன்களில் வளர்க்கட்டும்; கலன்களைப் பிளீச் கரைசலில் கழுவட்டும். வெளிவந்த ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஒட்டுநாடாவை மெல்ல ஒற்றி, நுண்ணோக்கியில் பார்க்காமல் எதையும் பறக்கவிட வேண்டாம். நோய் கண்டதை விடவே கூடாது.