கீழாநெல்லியும் இணைக்கப்பட்ட மருத்துவத் தரவுகளும்: நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் அறிய வேண்டியவை

இணையத்தில் கீழாநெல்லி என்று தேடினால், மஞ்சள் காமாலை என்னும் சொல்லும் உடன் வருகிறது. இவ்விரண்டையும் இணையம் எவ்வாறு இணைக்கிறது, அவ்விணைப்பை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதை இப்பக்கம் விளக்குகிறது.

இணைக்கப்பட்ட திறந்த தரவு என்றால் என்ன?

மூலிகைகள், வேதிப்பொருள்கள், நோய்கள், மருந்துகள் பற்றிய செய்திகள் பல நாடுகளில் தனித்தனித் தரவுத்தளங்களாக உள்ளன. ஒவ்வொரு பொருளுக்கும் மாறாத ஓர் அடையாளக் குறியீட்டை அளித்து, ஒரு தளத்தின் பதிவிலிருந்து மற்றொரு தளத்தின் பதிவுக்குக் கணினி தானே செல்லும்படி அமைப்பது இணைக்கப்பட்ட தரவு எனப்படும். அதை எவரும் தடையின்றிப் பயன்படுத்த இயலுமாயின் அது திறந்த தரவு ஆகும். இவற்றில் செய்திகள் சிறு சிறு கூற்றுகளாகப் பதியப்படுகின்றன. ‘கீழாநெல்லி – கொண்டுள்ளது – ஃபில்லாந்தின்’ என்பது அத்தகைய ஒரு கூற்று.

தமிழ்நாட்டில் ஓர் எடுத்துக்காட்டு

சென்னை தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள், இந்திய மூலிகைகளுக்கான ‘இம்ப்பாட்’ என்னும் தரவுத்தளத்தை உருவாக்கியுள்ளனர். 2018ஆம் ஆண்டு வெளியான முதற்பதிப்பில் 1,742 தாவரங்கள் இடம்பெற்றன. 2022ஆம் ஆண்டுப் பதிப்பில் 4,010 தாவரங்களும் 17,967 தாவர வேதிப்பொருள்களும் உள்ளன. இவ்வேதிப்பொருள்களின் பதிவுகள் அமெரிக்க அரசின் ‘பப்கெம்’ முதலிய தளங்களுடன் இணைக்கப்பட்டுள்ளன.

பெயர் ஏன் முக்கியம்?

தேங்காய்ப்பட்டணம் போன்ற எல்லையோர ஊர்களில் தமிழும் மலையாளமும் புழங்குகின்றன. கீழாநெல்லி மலையாளத்தில் கீழார்நெல்லி எனப்படுகிறது. ஃபில்லாந்தஸ் அமாரஸ் என்னும் தாவரம் பல நூல்களில் ஃபில்லாந்தஸ் நிரூரி என்று பதிவாகியுள்ளது. பெயர்கள் தவறாக இணைக்கப்பட்டால், ஒரு தாவரத்தின் ஆய்வு முடிவு மற்றொன்றின் பெயரில் சேர்ந்துவிடும்.

இணைப்பு வேறு, சான்று வேறு

தரவுத்தளத்தில் ஒரு மூலிகையுடன் ஒரு நோயின் பெயர் இணைந்திருந்தால், அந்நோய்க்கு அம்மூலிகை பயன்படுத்தப்பட்டதாக நூல்களில் குறிப்பு உள்ளது என்பதே பொருள். அந்நோய் குணமாகும் என்றோ, எவ்வளவு உட்கொள்ளலாம் என்றோ அது உறுதி கூறுவதில்லை.

1988ஆம் ஆண்டு ‘லான்செட்’ இதழில் சென்னை ஆய்வாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஹெபடைடிஸ் பி கிருமியைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற பாரூக் பிளம்பர்க்கும் அதில் பங்கேற்றார். ஃபில்லாந்தஸ் அமாரஸ் பெற்ற 37 பேரில் 22 பேருக்கும், மருந்தற்ற போலி மாத்திரை பெற்ற 23 பேரில் ஒருவருக்கும், சிகிச்சைக்குப் பின் இரத்தத்தில் அக்கிருமியின் மேற்பரப்புப் புரதம் காணப்படவில்லை. ஆனால் பிற்கால ஆய்வுகள் பலவற்றில் இம்முடிவு மீண்டும் கிடைக்கவில்லை. நாள்பட்ட ஹெபடைடிஸ் பி நோய்க்கு இம்மூலிகை பயனளிக்கிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை என 2011ஆம் ஆண்டு காக்ரேன் மதிப்பாய்வு தெரிவித்தது. முதல் ஆய்வை மட்டும் படித்தவர் ஒரு முடிவுக்கும், அனைத்தையும் சேர்த்துப் படித்தவர் வேறொரு முடிவுக்கும் வருவர். தரவுகளை முறையாக இணைப்பதன் பயன், இவ்வாய்வுகள் அனைத்தும் ஒருங்கே கண்ணில் படுவதாகும்.

நோயாளிகள் செய்ய வேண்டியவை

• மஞ்சள் காமாலை என்பது ஓர் அறிகுறி. கிருமித் தொற்று, எலிக் காய்ச்சல், பித்தக்குழாய் அடைப்பு, மதுவினால் கல்லீரல் பாதிப்பு எனக் காரணங்கள் பல. இரத்தப் பரிசோதனை செய்து காரணத்தை முதலில் அறிய வேண்டும்.

• ஹெபடைடிஸ் பி நோய்க்கு டெனோஃபோவிர் போன்ற மருந்தை உட்கொள்பவர்கள் மருத்துவர் ஆலோசனையின்றி அதை நிறுத்தக் கூடாது. திடீரென நிறுத்தினால் கல்லீரல் அழற்சி கடுமையாகத் திரும்பக்கூடும். 2018ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தேசியக் கல்லீரல் அழற்சிக் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ், பரிசோதனையும் சிகிச்சையும் இலவசமாக வழங்கப்படுகின்றன.

• மூலிகை மருந்து உட்கொண்டால் அதை மருத்துவரிடம் மறைக்காமல் தெரிவியுங்கள். சித்த மருத்துவம் பெற விரும்புவோர் தகுதி பெற்ற சித்த மருத்துவரை அணுக வேண்டும்.

• பல நாள் கடலில் தங்கும் மீனவர்களும், கேரளத்திலோ வெளிநாட்டிலோ சிகிச்சை பெறுபவர்களும், மருந்துகளின் வணிகப் பெயருடன் பொதுப்பெயரையும் எழுதி வைத்திருக்க வேண்டும். வணிகப் பெயர் இடத்துக்கு இடம் மாறும்; பொதுப்பெயரைக் கொண்டு எந்த மருத்துவரும் மருந்தை அடையாளம் காண இயலும்.

உடனடியாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய அறிகுறிகள்

மஞ்சள் காமாலையுடன் மனக்குழப்பம், அளவுக்கு மீறிய தூக்கம், இரத்தக்கசிவு, தொடர் வாந்தி, வயிறு வீக்கம் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் 108 அவசர ஊர்தியை அழைக்கவும். கர்ப்பிணிகளுக்கு மஞ்சள் காமாலை கண்டால், வேறு அறிகுறிகளுக்காகக் காத்திராமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.