கெட்டரிங் பையன்களின் பதிவேடு

இங்கிலாந்தில் நார்தாம்ப்டன்ஷயர் பக்கம் கெட்டரிங் என்று ஓர் ஊர். பூட்ஸும் ஷூவும் தைத்துப் பிழைத்த ஊர். 1966-ஆம் வருஷம் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பௌதிக வாத்தியார் ஒருவரும் அவரிடம் படித்த பையன்களும் சேர்ந்து, சோவியத் ரஷ்யா வாயே திறக்காமல் வைத்திருந்த ஒரு ராக்கெட் தளத்தைக் கண்டுபிடித்து உலகத்துக்குச் சொன்னார்கள். கையில் இருந்தது ஒரு ஷார்ட்வேவ் ரேடியோ, ஒரு கடிகாரம், ஒரு நோட்டு.

வாத்தியார் பெயர் ஜெஃப்ரி பெரி. பள்ளியின் பெயர் கெட்டரிங் கிராமர் ஸ்கூல். அங்கே ரசாயனம் எடுத்த டெரெக் ஸ்லேட்டருக்கு ரேடியோப் பைத்தியம் உண்டு. அவரும் பெரியும் கூட்டுச் சேர்ந்ததில் 1960 மே மாதம் ரஷ்யா விட்ட ஸ்புட்னிக்-4 இவர்கள் ரேடியோவில் சிக்கியது. வேவு பார்க்கும் எண்ணமெல்லாம் கிடையாது. வகுப்பில் டாப்ளர் விளைவைப் பையன்களுக்குக் காதால் கேட்கச் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

இந்த டாப்ளர் விளைவை நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தபோது 'தொப்ளேர்-ஃபிஸோ' என்றுதான் சொல்லிக் கொடுத்தார்கள். ஃபிஸோ பிரெஞ்சுக்காரர், அவர் பெயரை விட்டுவிட அவர்களுக்கு மனசு வராது. விஷயம் நமக்குத் தெரிந்ததுதான். கூவிக்கொண்டு வரும் ரயில் நம்மைத் தாண்டிப் போனதும் அதன் கூவல் சட்டென்று கட்டையாகிவிடும். செயற்கைக்கோள் விநாடிக்கு ஏழெட்டு கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிறது. அது 20 மெகாஹெர்ட்ஸுக்குச் சற்றுக் கீழே ஒலிபரப்பினால், நெருங்கும்போது அலைவரிசை சுமார் 500 ஹெர்ட்ஸ் வரை ஏறியும், விலகும்போது அதே அளவு இறங்கியும் கேட்கும். எந்த நொடியில் மிக வேகமாக இறங்குகிறதோ, அந்த நொடியில் கோள் நமக்கு மிக அருகில் இருக்கிறது என்று அர்த்தம். அதை நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். ஒன்றரை மணி நேரத்தில் கோள் பூமியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி வரும். அதற்குள் பூமி சுமார் 22½ பாகை திரும்பியிருக்கும். மறுபடி எழுத வேண்டும்.

எங்கள் தொப்ளேர்-ஃபிஸோ கரும்பலகையோடு முடிந்தது. சூத்திரத்தை நோட்டில் எழுதி, அடியில் ஸ்கேல் வைத்து சிவப்பு மையில் கோடு போட்டோம். முசியே கேட்கும் எந்தக் கேள்விக்கும் விடை அவர் மேஜை டிராயரில் இருக்கும். திக்தேயில் ஒரு அக்ஸாந்த் விட்டால் அரை மார்க் போகும். அந்தப் படிப்பை நான் குறை சொல்லவில்லை. கோப்பில் ஒரு புள்ளி தவறாமல் எழுதும் பழக்கம் அதில் வந்ததுதான், முப்பது வருஷத்துக்கு மேல் எனக்குச் சோறு போட்டது. ஆனால் விடை யாரிடமும் இல்லாத ஒரு கேள்வியை யாரும் எங்களிடம் கொடுத்ததில்லை.

கெட்டரிங் பையன்களுக்கு அது கிடைத்தது. 1962-லிருந்து ரஷ்யா காஸ்மாஸ் என்ற பொதுப் பெயரில் வரிசையாகக் கோள்களை விட்டுக்கொண்டிருந்தது. டாஸ் செய்தி நிறுவனம் தேதி, சுற்றும் நேரம், உயரம், பாதையின் சாய்வு எல்லாம் சொல்லும். விஞ்ஞான ஆராய்ச்சிக்காக என்றும் சொல்லும். எங்கிருந்து கிளம்பியது, உண்மையில் எதற்கு என்பதை மட்டும் சொல்லாது. வாத்தியாருக்கும் தெரியாது. பையன்களும் அவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த மாதிரி ஆகிவிட்டது.

1966 மார்ச் 17-ஆம் தேதி காஸ்மாஸ்-112 கிளம்பியது. பாதையின் சாய்வு 72 பாகை, வழக்கத்துக்கு மாறானது. பையன்கள் குறித்த நேரங்களை வைத்துப் பாதையைப் பின்னோக்கி வரைந்து பார்த்தால், கோடு எல்லோருக்கும் தெரிந்த பைக்கனூர் பக்கமே போகவில்லை. ஏப்ரலில் காஸ்மாஸ்-114 வந்தது. சாய்வு 73 பாகை. அதுவும் அப்படியே.

இங்கேதான் பொறுமை வேண்டியிருந்தது. ஒரு கோடு இருந்தால், தளம் அந்தக் கோட்டின்மேல் எங்கோ இருக்கிறது என்று மட்டும் சொல்லலாம். அந்தக் கோடு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர். இரண்டு கோடுகளும் ஏறத்தாழ ஒரே திசையில் ஓடினால் எங்கே வெட்டுகின்றன என்பதும் தெளிவாகத் தெரியாது. வேறு சாய்வில் மூன்றாவது ஒன்று வர வேண்டும். அதை வரவழைக்க இவர்களால் ஆகாது. ரஷ்யாக்காரன் மனசு வைக்க வேண்டும். ஏழு மாதம் காத்திருந்தார்கள். அக்டோபர் 14-ஆம் தேதி காஸ்மாஸ்-129, 65 பாகைச் சாய்வில் வந்தது. கோடுகள் வெட்டிக்கொண்ட இடம் வடக்கே, ஆர்க்காங்கெல்ஸ்க் வட்டாரத்துக் காட்டில், பிளெசெட்ஸ்க் என்ற சிற்றூரின் அருகே. அந்த வருஷக் கடைசியில் பெரி அதை வெளியிட்டார்.

அமெரிக்க உளவுத்துறைக்கு இது முன்பே தெரியும். 1960 மே 1-ஆம் தேதி ரஷ்யாவில் சுட்டு வீழ்த்தப்பட்ட யூ-2 விமானம் போவதாக இருந்த வழியில் பிளெசெட்ஸ்க்கும் ஒன்று. எத்தனை கோடி செலவழித்திருப்பார்கள், ஒரு விமானியின் உயிரையும் பணயம் வைத்தார்கள். தெரிந்ததைப் பூட்டி வைத்துக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்துப் பையன்கள் பூட்டவில்லை.

ஒரு பழைய குமாஸ்தாவாக என் கண்ணில் நிற்பது அந்தப் பதிவேடுதான். அலுவலகத்தில் வரவுத் தபால் பதிவேட்டை எல்லோரும் தண்டனை வேலை என்று நினைப்பார்கள். தேதி, நேரம், யாரிடமிருந்து, என்ன பொருள். ஒரு நாள் விட்டால் போயிற்று, பத்து வருஷம் கழித்து கோர்ட்டில் கேட்கும்போது அந்த ஒரு நாள்தான் வேண்டியிருக்கும். காஸ்மாஸ்-112-ஐ மார்ச் மாதம் ஒழுங்காகக் குறித்து வைக்காமல் இருந்திருந்தால், அக்டோபரில் வந்த கோட்டுக்கு வெட்டிக்கொள்ளத் துணை ஏது? விண்வெளி என்றதும் பிள்ளைகளுக்கு நெருப்பும் புகையும் காட்டுகிறோம். கெட்டரிங்கில் காட்டியது நோட்டுப் புத்தகம்.

அமெரிக்காவிலும் நல்ல காரியம் ஒன்று நடந்தது. ஸ்கைலாப் ஞாபகம் இருக்கிறதா? 1979 ஜூலையில் நம் தலையில் விழப்போகிறது என்று ஊரே நடுங்கியதே, அதேதான். அதில் செய்து பார்க்கப் பள்ளி மாணவர்களிடமிருந்தே யோசனை கேட்டார்கள். 3,400-க்கு மேல் வந்தன, 25 தேர்வாயின. மாசாசூசெட்ஸின் ஜூடித் மைல்ஸ் என்ற பெண், எடையில்லாத இடத்தில் சிலந்தி வலை பின்னுமா என்று கேட்டாள். 1973-இல் அரபெல்லா, அனிட்டா என்று இரண்டு சிலந்திகளை மேலே கொண்டுபோனார்கள். முதலில் வலை கோணல்மாணலாக வந்தது. சில நாளில் அரபெல்லா சரியாகவே பின்னிவிட்டது. கேள்வி அந்தப் பெண்ணுடையது என்பதுதான் எனக்குப் பிடித்தது.

போன வருஷம் என் பேரனுக்குப் பள்ளியில் சந்திரயான் ப்ராஜெக்ட். தெர்மாகோல், வெள்ளிக் காகிதம், ஃபெவிகால். ராத்திரி பதினொரு மணிக்கு என் மகன் ஒட்டிக்கொண்டிருந்தான், பேரன் தூங்கிவிட்டான். மறுநாள் மிக நன்று என்று ஸ்டார் வாங்கி வந்தான். நான் எதுவும் சொல்லவில்லை. இந்தக் கட்டுரையை அவனுக்குப் படித்துக் காட்டியபோது, "தாத்தா, அந்த ரேடியோ நம்மிடம் இருக்கிறதா?" என்று கேட்டான். பழைய பிலிப்ஸ் ஒன்று பரணில் இருக்கிறது. அதில் கோள் கேட்காது. ஆனால் இரவில் தூரத்து நிலையங்கள் மங்கி மங்கி வருவதைக் கேட்கலாம், எந்த நேரத்தில் எது வருகிறது என்று எழுதலாம். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

பிளெசெட்ஸ்க்கில் தளம் இருப்பதை சோவியத் அரசு 1983-இல்தான் வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. அதற்குள் பைக்கனூரையும் மிஞ்சி, உலகத்திலேயே அதிக ராக்கெட்டுகள் கிளம்பும் இடமாக அது ஆகியிருந்தது. 1966-இல் ஹெட்போன் மாட்டிய பையன்களுக்கு அப்போது வயது முப்பதைத் தாண்டியிருக்கும். பெரி 2000-இல் காலமானார்.